அக்கா கழுவிய தண்ணீர்

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கோலாலம்பூரில் இந்தப் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான். கொஞ்சம் கலங்கி வந்தால் என் மருமகள் மூக்கைச் சுளிப்பாள். தெளிவாக வந்தால் அப்படியே கையில் ஏந்திக் குடிப்பாள். காய்ச்சிக் குடி என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "பளிச்சுன்னுதானே வருது அத்தே" என்பாள். பளிச்சென்று இருப்பதில் எனக்கு நம்பிக்கை போய் வெகுகாலம் ஆயிற்று. ஏன் போயிற்று என்று விளக்க வேண்டுமானால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற கதையா அது? அதனால் பேசாமல் அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். ஒரு ரயில் நிலையம், ஒரு வரிசைச் சீனக் கடைகள், ஒரு மாரியம்மன் கோவில், சுற்றிலும் ரப்பர் தோட்டம். ஊருக்குப் பின்னால் குன்றின் அடிவாரத்தில் ஊர்ச்சபையின் தண்ணீர்த் தொட்டிகள். என் வீட்டுக்காரருக்கு அங்கே வால்வு திறந்து மூடும் வேலை. தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே வேலையாட்களுக்கு வரிசை வீடுகளாக ஒரு லயம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் வீட்டில் மண்டோரும் அவர் மனைவியும். மண்டோர்தான் கூலியாட்களுக்கு மேலாள். அடுத்த வீடு எங்களுடையது.

மண்டோரின் மனைவியைத்தான் அக்கா என்கிறேன். அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். லயத்தில் எல்லாருக்கும் அக்கா. மண்டோர்கூட வேலைக்காரர்கள் முன்னால் "அக்காவக் கேளுங்க" என்றுதான் சொல்லுவார். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அக்கா வீட்டுக் குடத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். நான் வைத்திருக்கிறேன், எங்கள் வீட்டுக் கண்ணாடி உடைந்து புதிது வாங்கும்வரை அதுதான் எனக்குக் கண்ணாடி. அவள் விறகைக்கூடக் கழுவி வெயிலில் காயவைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோழிக்குக் கால் கழுவிவிட்டுத்தான் வாசலில் ஏறவிடுவாள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அடுத்தவர் வீட்டுக்கு வந்தால் உட்காரவே மாட்டாள். பேச்சு அது பாட்டுக்கு நடக்கும், கண் மட்டும் மூலை முடுக்கெல்லாம் போய்வரும். போகும்போது என் வீட்டுச் சட்டி ஒன்றைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போயிருப்பாள். முதலில் எனக்குச் சுருக்கென்றிருந்தது. பிறகு பழகிவிட்டது, அக்கா வருவாள் என்று தெரிந்தால் கரிப்பிடித்த சட்டியை வேண்டுமென்றே வெளியில் எடுத்து வைப்பேன்.

"கண்ணுக்குத் தெரியிற அழுக்கையே எடுக்க முடியலைன்னா நாமெல்லாம் எதுக்குப் பொறந்தோம்?" என்பாள். நாளுக்கு நாலு தடவையாவது இதை யாரிடமாவது சொல்லிவிடுவாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரு பெண்; பாப்பா என்றே கூப்பிட்டோம், பள்ளிக்கூடம் போகும்போது நல்ல பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். பாப்பா கண் விழித்ததும் அக்கா வீட்டுக்கு ஓடும். அக்கா முகத்தைக் கழுவிவிடுவாள், தேய்க்கிற தேய்ப்பில் கன்னம் சிவந்துபோகும். பாப்பா அழும். அழுதுகொண்டே மறுநாளும் போய் நிற்கும். அக்கா பாப்பாவுக்கென்று ஒரு சின்னப் பித்தளைத் தம்ளர் வைத்திருந்தாள். அதை வேறு யாரும் தொடக் கூடாது.

தண்ணீர் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மலை ஓடையிலிருந்து வரும் தண்ணீரை இரண்டு பெரிய தொட்டிகளில் விடுவார்கள். தொட்டிக்குள் இடுப்பளவு மணல், அதற்கடியில் கூழாங்கல். தண்ணீர் மணலுக்குள் மெல்ல மெல்ல இறங்கி அடியில் சேரும். அங்கிருந்து மூடிய தொட்டிக்குப் போய், குழாய் வழியாக ஊருக்குப் போகும். நாளாக ஆக மணலின் மேல் பழுப்பும் பச்சையுமாக ஒரு பாசி படரும். தொட்டால் வழுக்கும். பாசி தடித்துப்போனால் தண்ணீர் இறங்காது. அப்போது ஒரு தொட்டியை வற்றவிட்டு, தட்டை மண்வெட்டியால் மேல் மணலைப் பாசியோடு வழித்தெடுப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் சுமந்துபோய் அலசிக் காயப்போடுவார்கள். அந்தப் பெண்களுக்கெல்லாம் அக்காதான் தலைவி.

வழித்த தொட்டியில் புதிதாக இறங்கும் தண்ணீரை உடனே ஊருக்கு விடக் கூடாது. மறுபடியும் கொஞ்சம் பாசி பிடிக்கும்வரை, இரண்டு மூன்று நாள், அந்தத் தண்ணீரை வீணாக ஓடையில்தான் விட வேண்டும். அதற்காகத்தான் தொட்டி இரண்டு. ஒன்று ஓய்ந்து கிடக்கும்போது மற்றது ஊருக்குக் கொடுக்கும்.

இதை எங்களுக்கெல்லாம் சொன்னவர் ஓவர்சியர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டையும் கறுப்புக் குடையுமாக வந்து தொட்டிக் கரையில் நின்று பாடம் நடத்துவார். "அந்தப் பாசியிலைதான் எல்லாம் கிடக்கு. நோய்க் கிருமியைப் பிடிக்கிறது அதுதான். மணல் சும்மா அதைத் தாங்கிக்கொண்டு இருக்குது, விளங்குதே?"

"விளங்குதுங்க ஐயா" என்பாள் அக்கா. அவர் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்புவாள். "படிச்சு படிச்சு இவருக்கு என்னமோ ஆயிருச்சுடி. அழுக்கு எங்கயாச்சும் அழுக்க எடுக்குமா? அப்படின்னா நான் சட்டியத் தேய்க்காம விட்டாப் போதுமே."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எனக்கும் அக்கா சொல்வதுதான் சரியென்று பட்டது. யாருக்குத்தான் படாது?

அந்த வருஷம் பொங்கல் வந்தது. ஓவர்சியர் ஐயா பண்டிகைக்குப் பிரிக்பீல்ட்ஸில் இருந்த தமையன் வீட்டுக்குப் போய்விட்டார். போகிக்கு முதல் நாள் ஒரு தொட்டியை வழித்தார்கள். அது வழிக்க வேண்டிய தொட்டிதான், ஐயா சொல்லிவிட்டுப் போன வேலைதான். அதன் தண்ணீர் ஓடையில் போய்க்கொண்டிருந்தது. மற்றத் தொட்டி ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

போகியன்று விடிந்ததிலிருந்து அக்கா ஓயவில்லை. லயம் முழுக்கக் கழுவி, பழைய பாயையும் துடைப்பத்தையும் போட்டுக் கொளுத்தி, வாசலுக்குச் சாணம் தெளித்து, கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தொட்டிக் கரையில் வந்து நின்றாள். ஒரு தொட்டி புது மணலாக மின்னியது. மற்றதில் தண்ணீருக்கடியில் பாசி படர்ந்து கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தே மண்டோர் பயந்துவிட்டார்.

"வேணாம்" என்றார்.

"என்ன வேணாம்? நாளைக்கு ஊரு பூரா இந்தத் தண்ணியத்தானே பொங்கப் பானையில ஊத்தப்போறாங்க? பாசியில ஊறுன தண்ணியவா சாமிக்குப் படைக்கிறது?"

"ஒண்ணு வழிச்சா ஒண்ணு நிக்கணும்னு ஐயா சொல்லியிருக்காரும்மா."

"ஐயா வந்து பாத்தா சந்தோசந்தான் படுவாரு. போகியன்னிக்கு வீட்டுல ஒரு மூலையக் கழுவிட்டு ஒரு மூலைய அப்படியே போட்டு வைப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

அவர் ஒதுங்கி வழிவிட்டார். ஊருக்குத்தான் அவர் மண்டோர். மற்றப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்று கூடையைத் தூக்கிவிட்டார்கள். அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. ஊருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் கூலியில்லாத வேலையைச் சிரித்துக்கொண்டே செய்தார்கள். பாப்பா கரையில் உட்கார்ந்து அக்காவுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் மூடிய தொட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஊரில் தெருக்குழாய்கள் சொட்ட ஆரம்பித்தன. பண்டிகைக்கு முதல் நாள். பெண்கள் குடமும் தகர டின்னுமாக வரிசையில் நின்று சத்தம் போடுகிறார்கள் என்று கோவிலிலிருந்து ஆள் வந்தது. காப்பிக்கடை முதலாளி, சீனத் தவுக்கேயும் ஆள் அனுப்பினார். மண்டோர் என் வீட்டுக்காரரிடம் வந்து வால்வைத் திறக்கச் சொன்னார்.

"இன்னும் ஓடையில விடவேண்டிய தண்ணியாச்சே அண்ணே" என்றார் இவர்.

"நல்ல நாளும் அதுவுமா ஊரு காஞ்சு கிடக்கணுமாப்பா? தண்ணிய வந்து பாரு. எவ்வளவு தெளிவா இருக்கு."

இவர் போய்ப் பார்த்தார். நானும் போனேன். புது மணலில் இறங்கிய தண்ணீர் அப்படி ஒரு தெளிவு. அக்கா பாப்பாவின் பித்தளைத் தம்ளரில் அதைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"மொத தண்ணி எங்க ராசாத்திக்கு" என்று பாப்பாவிடம் நீட்டினாள். பாப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கேட்டது.

என் வீட்டுக்காரர் வால்வைத் திறந்தார்.

மறுநாள் ஊர் முழுக்க அந்தத் தெளிந்த தண்ணீரைப் பற்றியே பேச்சு. தவுக்கே எதிரில் வந்து கட்டைவிரலைத் தூக்கி "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சினார். அக்கா கோவிலுக்குப் போனபோது பெண்கள் வழிவிட்டார்கள். பொங்கல் பானையில் ஊற்றிய தண்ணீர் கொதித்துவிட்டது, அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கோவிலில் கொடுத்த பானகமும், வெயிலில் ஆடிவிட்டுப் பிள்ளைகள் குழாயில் வாய்வைத்துக் குடித்த தண்ணீரும்தான் வினையாயின. ஓடைக்கு மேல்புறம் ஒரு தோட்டத்து லயம் இருந்தது. அங்கே யாருக்கோ வாந்திபேதி கண்டிருந்தது கீழே யாருக்கும் தெரியாது. ஓடையில் வந்த நோயைப் பிடித்து நிறுத்த அன்றைக்கு இரண்டு தொட்டியிலும் பாசி இல்லை.

ஓவர்சியர் ஐயா திரும்பி வந்தார். வேலிக் கதவிலிருந்தே இரண்டு தொட்டிகளையும் பார்த்துவிட்டார். "ரெண்டையும் ஏன் வழிச்சனீங்கள்?" என்றார். "ஊருக்கு எந்தத் தண்ணியை விட்டனீங்கள்?" என் வீட்டுக்காரர் வழித்த தொட்டியைக் கை காட்டினார். குடையைக் கீழே போட்டுவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வால்வை மூடச் சொன்னார். மூடிய தொட்டியில் வெளுப்புத் தூளைக் கரைத்துக் கொட்டினார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி ஊரில் தண்டோரா போட்டார்கள். அதற்குள் ஊரில் பல வீடுகளில் ஆள் படுத்துவிட்டது. எங்கள் வீட்டில் பாப்பா.

பாப்பாவை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். அக்கா கூடவே ஏறிக்கொண்டாள். வழி நெடுகத் தன் சேலைத் தலைப்பை நனைத்து நனைத்துப் பாப்பாவைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் எல்லாம் முடிந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்தது, வண்டிக்காரனுக்குத் தெரிந்தது. அக்கா மட்டும் துடைப்பதை நிறுத்தவில்லை.

இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

தோட்டத்திலிருந்து ஓடையில் வந்த நோய் என்று வெளியே சொன்னார்கள். அது பொய்யுமில்லை. தொட்டியை வழித்த கதையை ஓவர்சியர் ஐயாவும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொன்னால் லயத்தில் எல்லார் வேலையும் போகும். என் வீட்டுக்காரர் ஒரே ஒருமுறை, சாப்பிட உட்கார்ந்தவர், "திறந்தது நான்" என்றார். சாப்பிடாமல் எழுந்துவிட்டார். பிறகு சாகும்வரை அதைப் பேசவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் மண்டோர் வந்து எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"தங்கச்சி, அவளுக்குத் தெரியாதும்மா. மேல இருந்து வந்த நோவுன்னுதான் நெனச்சிட்டிருக்கா. நீ சொல்லிடாத. தெரிஞ்சுதுன்னா அந்தத் தொட்டியிலயே விழுந்து செத்துருவா."

"சரிண்ணே" என்றேன். வேறென்ன சொல்வது? மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். யாருக்கு எது தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேச வேண்டியவளும் நான்தான். அலுப்பு என்பது உடம்புக்கு மட்டும் வருவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா தினம் வந்தாள். சமைத்துப் போட்டாள். தலை வாரிவிட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடுப்பங்கரைச் சுவரில் பாப்பா கரித்துண்டால் கிறுக்கிய கிறுக்கல் இருந்தது. வட்டம் வட்டமாக, இரண்டு காலுள்ள ஏதோ ஒன்று. அது அக்கா என்று பாப்பா சொல்லும். கோழி என்று நான் சொல்லுவேன். ஒருநாள் துணி துவைக்கப் போய்விட்டு வந்தேன். சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தது. அக்கா சுண்ணாம்புச் சட்டியோடு நின்றிருந்தாள்.

"வெள்ளையடிச்சிட்டேன்டி. வீடு கொஞ்சம் வெளிச்சமா இருந்தா மனசு ஆறும்" என்றாள்.

வாய்வரை வந்தது. இந்தக் கழுவலுக்குத்தான் என் பிள்ளையைக் கொடுத்தேன், இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது கழுவ, என்று கத்தியிருப்பேன். அவள் கையைப் பார்த்தேன். சுண்ணாம்பு பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிருந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து போட்டுவிட்டேன். எனக்கு அவள்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, அவளை விட்டால் எனக்கு அங்கே யாரும் இல்லை என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும். எனக்கு இருந்தது.

அந்தப் பொங்கல் முடிந்ததிலிருந்தே ஓவர்சியர் ஐயா, ஒரு தொட்டியின் தண்ணீர் ஊருக்குப் போகும்போது அதன் கழிவு வால்வுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார். சாவி அவரிடம். அவர் வந்து நிற்காமல் எந்தத் தொட்டியையும் வற்றவிட முடியாது. வழித்த பிறகு தண்ணீர் ஓடையில் வீணாகப் போகும் நாட்களில் அக்கா கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சங்கிலி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காததை அப்போது நான் யோசிக்கவுமில்லை.

வேறொன்றையும் யோசிக்கவில்லை. எனக்கு அப்புறம் ஒரு மகன் பிறந்தான். அவனையும் அக்காதான் தூக்கி வளர்த்தாள். சோறு ஊட்டுவாள், முகம் கழுவிவிடுவாள். தண்ணீர் மட்டும் கொடுக்க மாட்டாள். தாகம் என்று போய் நின்றால், "அம்மாகிட்டப் போய்க் குடி சாமி" என்று அனுப்பிவிடுவாள். மற்றப் பிள்ளைகளையும் அப்படித்தான். குடிக்கிற பாத்திரத்தில் எச்சில் படுமென்று பார்க்கிறாளோ என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கண்ணுக்குத் தெரியிற அழுக்கு என்று அவள் அடிக்கடி சொல்லும் பேச்சும் எப்போதோ நின்றுபோயிருந்தது. வயதாகிறது, பேச்சு குறைகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து நாங்கள் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தோம். மண்டோர் காலமாகிவிட்டார். அக்காவை அவள் தம்பி மகன் கோலாலம்பூரிலேயே செந்தூலுக்குக் கூட்டிப்போய்விட்டான். அவன் அங்கே ரயில் பட்டறையில் வேலை பார்த்தான். வண்டிச் சத்தமும் கரித்தூளுமாக இருக்கும் செந்தூலில் அக்கா எப்படிக் குடித்தனம் செய்கிறாளோ என்று நாங்கள் பேசிக்கொள்வோம். போக வேண்டும் போக வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போய், ஒருநாள் தனியாகப் புறப்பட்டுப் போனேன்.

தம்பி மகனின் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நீங்களாச்சும் கேளுங்கக்கா. அத்தை எங்க தண்ணியத் தொடமாட்டேங்குறாங்க. தனியா ஒரு ஜாடி. அத அவங்களும் கழுவுறதில்ல, என்னையும் கழுவ விடுறதில்ல. அக்கம்பக்கத்துல சிரிக்கிறாங்க."

அக்கா ஜாடியைக் கழுவுவதில்லையா? ஆள் மாறிச் சொல்கிறாளோ என்று உள்ளே போனேன். அக்காவின் மூலை பழைய மாதிரியேதான் இருந்தது. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். பித்தளைப் பாத்திரங்கள் வரிசையாக மின்னின. அக்கா இளைத்துப்போயிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. குடும்பம், பிள்ளை, வீட்டுக்காரர் என்று எல்லாம் விசாரித்தாள். நடந்து வந்த களைப்பில் எனக்கு நாக்கு வறண்டது. மூலையில் இருந்த சீன ஜாடியின் மூடியைத் திறந்து, தண்ணீர் மொள்ளக் கையை விட்டேன்.

உள்பக்கம் கை வழுக்கியது. அந்த வழுவழுப்பு எனக்குத் தெரியும்.

"தொடாத!" என்று அக்கா பதறினாள். "அத எடுத்துறாதடி. அது இருக்கணும். புதுத் தண்ணி ஊத்துனா ரெண்டு நாளு ஊத்தி ஊத்திக் கொட்டிட்டு, அப்புறந்தான் குடிக்கிறேன். சரியாத்தானே செய்யிறேன்?"

கையை வெளியே எடுத்தேன். விரலெல்லாம் பச்சை. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். யாரும் சொல்லாமலே இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியக் கூடாது, தெரியக் கூடாது என்று நான் வாயைக் கட்டிக்கொண்டு கழித்த வருஷமெல்லாம் இவளும் வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டிலேயே இருந்திருக்கிறாள். ஒரு சுவர்தான் நடுவில்.

"எப்பத் தெரியும்க்கா?"

"ஐயா சங்கிலி போட்டப்பவே. நான் என்ன பச்சப் பிள்ளையா?" புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே பேசினாள். "நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். வந்து ரெண்டு அடி அடிப்பன்னு பாத்தேன். நீ எண்ணெ எடுத்துட்டு வந்து கையில போட்டுவிட்ட. அப்புறம் நான் எந்த வாய வச்சிக்கிட்டு ஒன்னக் கேக்குறது?"

விரலில் ஒட்டியிருந்த பச்சையைப் புடவையில் துடைத்தேன்.

"மொத தம்ளரு என் கைதானடி" என்றாள்.

இல்லை அக்கா என்று சொல்லியிருக்கலாம். ஓடைமேல் பழி போடலாம், ஐயா ஊரில் இல்லாததைச் சொல்லலாம், வால்வைத் திறந்தவரைச் சொல்லலாம், குடத்தோடு நின்று சத்தம் போட்ட ஊரைச் சொல்லலாம். எல்லாமே உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதையில்லை. அவ்வளவு காலம் காத்திருந்து கேட்கிறவளுக்கு மழுப்பலாக ஒரு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாக்கா. ஒங் கைதான்" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள். அழவில்லை. ஏதோ ஒரு சுமையை இறக்கி வைத்தவள்போல முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். அழுதது நான்தான். பாப்பாவுக்காக நான் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான். அக்கா என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு எழுந்தேன். ஜாடியைப் புறக்கடைக்கு உருட்டிக்கொண்டு போய்க் கவிழ்த்தேன். அந்தப் பெண்ணிடம் சாம்பலும் தேங்காய் நாரும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா வாசற்படியில் வந்து நின்றாள்.

"தேய்க்கலாமா?" என்றாள். சின்னப் பிள்ளை கேட்பது மாதிரிக் கேட்டாள்.

"ஜாடியத் தேய்க்கலாம்க்கா. தொட்டியத்தான் ரெண்டையும் ஒண்ணா வழிக்கக் கூடாது."

தேய்த்தேன். பச்சை பச்சையாகக் கரைந்து ஓடியது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் எவ்வளவு நேரம் சும்மா நிற்க முடியும்?

"கழுத்தோரம் விட்டுட்ட பாரு" என்றாள். "நார மடிச்சுப் பிடிடி. கைய நல்லா உள்ள விடு."

நாரை மடித்துப் பிடித்து மறுபடியும் தேய்த்தேன். அலசி வெயிலில் கவிழ்த்தோம். குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடிகட்டி ஜாடியில் ஊற்றினோம். வீட்டுக்குத் திரும்ப வண்டிக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் நான் கிளம்பவில்லை.

"தாகமா இருக்குக்கா. தண்ணி குடு."

"நீயே மொண்டு குடிச்சுக்கயேன்."

"நீ குடு."

அக்கா அலமாரியிலிருந்து ஒரு பித்தளைத் தம்ளரை எடுத்தாள். சின்னது. எனக்கு அது எது என்று தெரிந்தது. குழாயடிக்குப் போய் அதைக் கழுவினாள். கழுவியதுதான், இன்னொரு தடவை கழுவினாள். ஜாடியில் மொண்டு வரும்போது தண்ணீர் கொஞ்சம் தரையில் சிந்தியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் துடைக்காமல் விட்டுவிட்டு என்னிடம் வந்து நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன். இன்னும் கேட்டேன்.